நெஞ்ச அமுக்குனா நின்னுபோன இதயம் எப்படிங்க திரும்ப ஓடும்?

நேரா ஓட வைக்கறது இல்லீங்க, கரண்ட் போனா டீசல் இன்ஜின் போட்டு வயலுக்கு தண்ணி விடுறோமே அது மாதிரி, இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்க ஆள் வர்ற வரைக்கும் நம்ம கைதான் மூளைக்கு ரத்தத்த தள்ளுது. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல நிக்கர்பாக்கர்ங்கற ஆராய்ச்சியாளர், நாய் நெஞ்சுல ஷாக் குடுக்கற தகட்ட வச்சு அழுத்துனப்பவே, கரண்ட் விடறதுக்கு முன்னாடியே ரத்த அழுத்தம் ஏறுறத கவனிச்சாரு, அதுலேந்து கூட வேலை பாத்த கூவன்ஹோவன், ஜூட் கூட சேந்து 1960ல இந்த நெஞ்ச அமுக்கற முறைய பத்தி கட்டுரை போட்டாங்க. எவ்ளோ சின்ன கவனிப்பு பாருங்க!

மன்னார்குடி பக்கம் எங்க களத்துல பெரியப்பா விழுந்தப்ப மூஞ்சில தண்ணி தெளிச்சோம், சோடா வாங்க ஓடுனோம், யாரும் நெஞ்சுல கை வைக்கல, இன்னிக்கும் மனச அறுக்குது. கூப்பிட்டா அசைவில்ல, மூச்சு சரியா இல்லன்னா 108க்கு போன் போட்டுட்டு, நெஞ்சு நடுவுல உள்ளங்கை அடிய வச்சு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100லேந்து 120 தடவை அமுக்குங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.