சாமி முன் நிற்க யாரிடம் அனுமதி கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விடயத்தைத் தொட்டிருந்தன: தன்பாலை நேசிப்பவருக்கும் திருநருக்கும் வழிபாட்டில் இடம் உண்டா என்பது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: எனக்கு 27 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ஏழு வருடங்களாக, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தில், அவன் மனைவி ரதியின் வேடம் கட்டி வருகிறேன். காமன் ஊன்றிய நாள் முதல் தகனம் முடியும் வரை விரதம் இருப்பேன். மார்கழியில் எங்கள் கோயிலில் திருவெம்பாவை பாடுவதும் நான்தான். என் மனம் ஆண்களையே நாடுகிறது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான், யாருக்கும் சொன்னதில்லை. சென்ற திருவிழாவில் சொற்பொழிவு செய்ய வந்த ஒருவர், இப்படிப்பட்டவர்கள் சாமி காரியத்தில் கை வைத்தால் தோட்டத்துக்கே ஆகாது என்றார். அன்றிலிருந்து விளக்கேற்றவும் கை நடுங்குகிறது. நான் வேடத்தை விட்டுவிட வேண்டுமா? சட்டப்படியும் இது குற்றம் என்கிறார்களே? – மஸ்கெலியா வாசகர்

பதில்: தம்பி, வேடத்தை விட வேண்டாம். விளக்கையும் விட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன்.

மார்கழியில் விடியுமுன் எழுந்து, குளிரில் பல் கிட்ட நீங்கள் பாடுகிற திருவெம்பாவையின் பதினெட்டாம் பாட்டை நினைத்துப் பாருங்கள். 'பெண்ணாகி ஆணாய் அலியாய்' என்று அதில் வருகிறது. இன்று அந்த மூன்றாவது சொல்லை வசையாக வீசுகிறார்கள். எந்த மனிதரை நோக்கியும் நாம் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் மாணிக்கவாசகர் அதை ஒரு மனிதரை இகழ்வதற்காக எடுக்கவில்லை, தன் இறைவனுக்கே சூட்டினார். அடுத்த மூச்சிலேயே விண்ணாகி, மண்ணாகி, இத்தனைக்கும் வேறாகி நிற்பவன் என்றும் பாடினார். இந்தப் பாட்டு ஆண் ஆணை விரும்புவதைப் பற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இழுத்துப் பொருள் சொன்னால் பாட்டுக்கும் உண்மையாக இருக்க மாட்டேன், உங்களுக்கும் உண்மையாக இருக்க மாட்டேன். மனிதர் போட்ட எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காதவன் என்று எந்த இறைவனை நீங்கள் ஊர் எழும் முன் பாடுகிறீர்களோ, அந்த இறைவன் உங்களை மட்டும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து வெளியே தள்ளுவான் என்று நம்புவதற்கு அந்தப் பாட்டில் இடமில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். சம்பந்தர் பாடிய முதல் பதிகமும் 'தோடுடைய செவியன்' என்றுதான் தொடங்குகிறது. தோடு பெண்ணின் காதணி. ரதிக்காக நீங்கள் காதில் தோடு பூட்டும்போது, சிவனும் ஒரு காதில் அதைப் பூட்டியிருக்கிறான் என்பது நினைவில் இருக்கட்டும்.

பழைய நூல்களில் கண்டனமே இல்லையா என்றால், இருக்கிறது. மனு நூல் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாகவே சொல்லி, உடுத்த துணியோடு நீராடுவதைப் பரிகாரமாக விதிக்கிறது. ஆனால் நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களில் பெரும்பாலோரை அதே மனு நூல் எந்தப் படியில் நிறுத்தியது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அந்தப் படியை ஏற்க மாட்டோம் என்று சொன்னவர்கள் இந்தத் தீர்ப்பை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இதில் மலையகத்துக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியில் எத்தனையோ பேரைச் சாகக் கொடுத்து வந்தவர்களை எந்த ஆகமக் கோயிலும் கும்பம் வைத்து வரவேற்கவில்லை. அவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். அதுவே மாரியம்மன் ஆனது. தொழிற்சாலையின் ரோதையில், அந்தச் சக்கரத்தில், கை போய்விடாமல் காக்க ரோதைமுனியை வைத்தார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி வந்தது. எந்த மடமும் இதற்கு உத்தரவு தரவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை. இப்படி வந்த பக்தியைக் காட்டி, நீ வரலாம், நீ வரக்கூடாது என்று ஒருவர் மேடையிலிருந்து சொல்கிறார் என்றால், அந்தக் கல்லை நட்டவர்கள் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். விரதம் ஒருவருடைய நடத்தையைக் கேட்கிறது: என்ன உண்கிறாய், என்ன பேசுகிறாய், அந்த நாட்களில் உடலை எப்படிக் காக்கிறாய் என்று. ரதியின் கணவன் மதனாக வேடம் கட்டும் திருமணமானவருக்கு எந்தக் கட்டுப்பாடோ அதே கட்டுப்பாடுதான் உங்களுக்கும். நீங்கள் அதை ஏழு வருடங்கள் காத்திருக்கிறீர்கள். ஒருவர் யாராகப் பிறந்தார் என்பதை விரதம் கேட்பதில்லை.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டிய ஒரு மாமா இருந்தார். எங்கள் வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில்தான் அவரை உடுத்துவார்கள். அப்பாயி ஊக்குகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, குந்தியிருந்தபடி சேலைக் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக அடுக்கி, ஒரு மடிப்புப் பிசகினாலும் உதறிவிட்டு மறுபடி தொடங்குவார். பொட்டு வைத்து முடிந்ததும், வயதிலும் முறையிலும் மூத்தவரான அந்த அப்பாயி எழுந்து நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார். மறு வாரம் அதே மாமா பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தால் பொடியன்கள் அவருடைய நடையை நடந்து காட்டுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போவார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் குடம்தான் கண்ணில் நின்றது. தோட்டத்துக்கு ஆகாத செயல் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சிரிப்புத்தான்.

சட்டம் குறித்து: தன்பால் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோவை 1883இல் ஆங்கிலேயர் இயற்றியது. லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டம் எழுந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சட்டம் நம் ஆகமத்திலிருந்தோ திருமுறையிலிருந்தோ எடுத்தது அல்ல. 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. எனினும் அது நிறைவேற்றப்படவில்லை, பழைய பிரிவுகள் ஏட்டில் இருக்கின்றன. எனவே எச்சரிக்கையாக இருங்கள்.

எச்சரிக்கை என்று நான் சொல்வது சட்டத்துக்காக மட்டும் அல்ல. லயத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். கடவுளிடம் மறைப்பது வேறு, கோயில் கமிட்டியிடம் சொல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவது பொய் ஆகாது. நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் வேலைக்கும் இருப்பிடத்துக்கும் ஆபத்து வராத காலத்தில் சொல்லுங்கள். சொல்லாமலே இருந்தாலும் குறையில்லை. தனியாகப் பேச வேண்டும் என்றால், தன்பாலீர்ப்புடையோர், திருநர் உரிமைகளுக்காகக் கொழும்பில் 2004 முதல் இயங்கிவரும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை அணுகலாம். மனம் மிகவும் தளர்ந்த இரவுகளில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

கோயிலுக்குள் போகவே மனம் ஒப்பாத நாட்களும் வரும். சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழி தொடங்கும் நல்லதண்ணி உங்களுக்கு அருகில்தானே? பருவகாலத்தில் ஓர் இரவு அந்த மலையில் ஏறுங்கள். அங்கே ஒரே சுவட்டைச் சிவனுடையது என்றும் புத்தருடையது என்றும் ஆதாமுடையது என்றும் சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஒரே படியில் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் கேட்பதெல்லாம் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான்.

கேள்வி: நான் ஒரு கத்தோலிக்கப் பெண், வயது 23, பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கிறேன். இன்னொரு பெண்ணை நேசிக்கிறேன். இதை அறிந்த செபக்குழுவினர் என் தலையில் கை வைத்து ஆவியை விரட்டச் செபித்தார்கள். வேதாகமத்தில் கடவுள் அழித்த சோதோம் நகரைப் பற்றி வாசித்தார்கள். பாடகர் குழுவிலிருந்தும் விலகச் சொன்னார்கள். நான் திருச்சபையை விட்டுப் போய்விடுவதுதான் நேர்மையா? – ஊவா வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் மீது ஆவி எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17இல் நீக்கிவிட்டது. நோயும் இல்லாத, பேயும் இல்லாத ஒன்றை எதைக் கொண்டு விரட்டுவது?

உங்கள் திருச்சபை என்ன சொல்கிறது என்பதை நான் இனிப்பு தடவிச் சொல்ல விரும்பவில்லை. தன்பால் உறவை அதன் மறைக்கல்வி ஏடு ஏற்கவில்லை. அதே ஏடு, இத்தகைய ஈர்ப்புடையவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அவர்களுக்கு அநீதியான பாகுபாடு காட்டக் கூடாது என்றும் எழுதுகிறது. இந்த இரண்டாவது பகுதியைச் செபக்குழுவினர் வாசித்தார்களா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் 18இல், திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, தன்பால் இணையர் ஆசி கேட்டு வந்தால், திருமணச் சடங்காகத் தோன்றாத முறையில் குருவானவர் ஆசி அளிக்கலாம் என்றது. அது சிறிய கதவுதான், ஆனால் மூடிக் கிடந்த இடத்தில் திறந்த கதவு.

சோதோமைப் பற்றி வாசித்தவர்கள் எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் 49ஆம் வசனத்தையும் வாசிக்கட்டும். சோதோமின் அக்கிரமம் என்று தீர்க்கதரிசி அங்கே அடுக்குவது கர்வம், உணவுத் திரட்சி, எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமை. தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் அந்தப் பாவம் எது என்று விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்காக நான் குறித்து வைத்திருப்பது ஏசாயா 56. பிள்ளைப்பேறு இல்லாததால் சபையில் இடமற்றவர்களாகக் கருதப்பட்ட அண்ணகர்களை, அதாவது விதை நீக்கப்பட்ட ஆண்களைப் பார்த்து, 'நான் பட்டமரம்' என்று சொல்லாதே என்கிறார் கர்த்தர். குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான பெயரைத் தன் ஆலயத்துக்குள்ளேயே அவர்களுக்குத் தருவதாகவும் வாக்களிக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரும் ஓர் அண்ணகரே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரை 'மந்திரி' என்று எழுதிவிட்டதால் நம்மில் பலருக்கு இது தெரியாமலே போயிற்று. அண்ணகரும் நீங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு இங்கே இடமில்லை என்று சபை எண்ணியவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அழைத்த குரல் அதே வேதாகமத்தில் இருக்கிறது என்கிறேன்.

போவதா, இருப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வேறொரு பங்கில், உங்களை அறியாதவர்கள் நடுவில், கடைசி வாங்கில் அமர்ந்து சில மாதங்கள் திருப்பலி கண்டு பாருங்கள். தலையில் கை வைக்க யாராவது மறுபடி வந்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம், வீட்டிலாவது பாடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே பிள்ளை, ஆணாகப் பிறந்தது, வயது 16. தான் பெண் என்றே சொல்கிறது. மந்திரித்து நூல் கட்டினோம், கேட்கவில்லை. வேப்பிலை அடித்து மிளகாய்ப் புகை போட்டால் இறங்கிவிடும் என்று ஒரு சாமியாடி சொல்கிறார். அம்மனுக்கு நேர்ந்தது ஏதும் குறையா? – அட்டன், ஒரு தாய்

பதில்: அக்கா, புகை போட விடாதீர்கள். இந்த வாரமே அந்தச் சாமியாடியிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மிளகாய்ப் புகையும் அடியும் பிள்ளையின் மூச்சையும் மனத்தையும் கெடுக்கும், வேறு எதையும் இறக்காது. வீட்டில் வேறு யாராவது வற்புறுத்தினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். நூலைக் கட்டியது உங்கள் பயத்துக்காக. அது கையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்த்தியில் குறை எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் பிறந்திருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாற்றுவதற்காக அல்ல, பிள்ளை சொல்வதை அமைதியாகக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காக. உரிய வயது வந்ததும், 2016 முதல் நம் நாட்டில் வழங்கப்படும் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் திருத்த முடியும்.

கடிதத்தின் ஓரத்தில், திருவிழாவுக்குப் பெண்களோடு பால்குடம் எடுக்க வேண்டும் என்று பிள்ளை அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அம்மனிடம் அவ்வளவு ஆசையோடு போகத் துடிக்கும் பிள்ளையை அம்மனிடமிருந்தே மீட்க முயல்கிறோமே என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. ஊர் முன்னால் எடுப்பது இந்த வருடம் ஆபத்து என்று தோன்றினால், விடியற்காலையில் கோயில் திறந்ததும் நீங்கள் இருவர் மட்டும் ஒரு செம்பில் பால் கொண்டுபோய்க் கொடுங்கள். கடையில் உங்களுக்கு மஞ்சள் சேலை எடுக்கும்போது இரண்டாக எடுத்து, ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.