கிராமத்துச் சிறு அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் கட்ட அரசு பணம் தருகிறது. நடத்த மட்டும் ஏன் தருவதில்லை?

இரண்டும் வேறு வேறு தலைப்பில் வரும் பணம். கட்டடம், கண்ணாடிப் பேழை, விளக்கு எல்லாம் மூலதனச் செலவு. ஒருமுறை கொடுத்தால் கணக்கு முடிந்தது. திறப்பு விழாவில் கல்வெட்டும் வைக்கலாம். காவலர் சம்பளமும் மின்கட்டணமும் வருடா வருடம் வரும். முடிவில்லாத அந்தப் பொறுப்பை ஏற்க எந்த நிதித் துறையும் தயங்கும்.

இது ஒரு நாட்டுச் சிக்கல் இல்லை. 1991இல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘லீடர்’ ஊரக வளர்ச்சித் திட்டமும், 1994 முதல் பிரிட்டனில் தேசிய லாட்டரி வருமானத்திலிருந்து மரபுச் சின்னங்களைக் காக்கப் போகும் பணமும் பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டங்களுக்கே தரப்படுபவை. பல மானியங்கள் செலவு செய்து ரசீது காட்டிய பிறகுதான் கைக்கு வரும். அதுவரை கடன் வாங்கிச் சமாளிக்கச் சிறிய குழுவால் முடியுமா?

ஆனால் பழம்பொருளைக் காப்பாற்றுவது அன்றாட வேலைதான். பழைய மரப்பெட்டியின் அடியில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு துளைக்கிறது என்று பொருள். அதை உடனே கவனிக்க ஆள் வேண்டும். புதுக் கட்டடம் அதைக் கவனிக்காது!

சரி, என்ன செய்யலாம்? விண்ணப்பத்திலேயே முதல் சில ஆண்டுப் பராமரிப்பைச் சேர்த்துக் கேளுங்கள். உள்ளாட்சி அமைப்பிடம் சிறிய தொகையானாலும் ஆண்டு ஒதுக்கீடாகக் கேளுங்கள். என் கணக்கில் ஒரு பெரிய மானியத்தைவிட அது மேல். அப்புறம், பொருள் பதிவேடு. எண், கொடுத்தவர், தேதி இல்லாத சேகரிப்பை நம்பிப் பணம் தர எவரும் யோசிப்பார்கள்.