நர்சிங் மாணவிகளுக்கு நோயாளியின் பண்பாட்டை மதிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

நீங்கள் புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். மதவாரியாகப் பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அது தேர்வில் மதிப்பெண் தரும், வார்டில் உதவாது.

எங்கள் மாணவி ஒருவர் அறுவை சிகிச்சைக்கு நோயாளியை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் தாலியைக் கழற்ற மறுத்துவிட்டார். மின்சாரத்தால் திசுவை வெட்டவும் இரத்தக் கசிவை நிறுத்தவும் உதவும் டயதெர்மி கருவியைப் பயன்படுத்தும்போது உடலில் உலோகம் இருந்தால் தீக்காயம் ஏற்படக்கூடும் என்பதால் கழற்றச் சொல்வது அவசியம். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மூத்த செவிலியர் 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதப் போனார். மாணவியின் குறிப்பேட்டில் தாலி இந்துப் பெண்களுக்கு உரியதாக இருந்தது. அந்த அம்மாளோ கிறிஸ்தவர், அவருடைய தாலியில் சிலுவை பொறித்திருந்தது. (தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பெண்கள் பலர் தாலி அணிகிறார்கள், முஸ்லிம் பெண்கள் பலருக்குக் கருகமணி உண்டு.) மாணவி, "இதைக் கழற்ற வேண்டி வந்தால் உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டார். கணவர் ஜெபம் செய்து தம் கையால் கழற்ற வேண்டும், கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறாவது இருக்க வேண்டும் என்றார் அவர். வெறும் நூலுக்கு மயக்க மருத்துவர் தடை சொல்லவில்லை; அறுவை குறித்த நேரத்தில் நடந்தது. அந்த மாணவியை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் வலியுறுத்தியதும் இதுதான்: பராமரிப்பு தமக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளியே சொல்ல வேண்டும், செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தம் சொந்த முன்முடிவுகளை. 1992இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதைச் செவிலியர் கல்வியில் கட்டாயமாக்கியது.

நம் ஊருக்கு, தம் முன்முடிவுகளை ஆராயச் சொல்லும் இந்த இரண்டாம் பகுதியே மிகவும் தேவை. அதிகாரியை 'சார்' என்று அழைக்கும் அதே செவிலியர், அடுத்த படுக்கையிலுள்ள இருளர் முதியவரையோ ஒடிசாவிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளியையோ ஒருமையில் அதட்டுவதை, நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் கண்டிருக்கிறேன்; கண்டித்தபோது, அவர்களுக்கு அது பழகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாதியைப் பற்றிப் பேசத் தயங்கும் வகுப்பில் பண்பாட்டுப் பாடத்தை நடத்திப் பயனில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் கேட்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால், மறுக்கும் நோயாளியோடு வாதாடும் நேரத்தில் பாதிகூட ஒரு கேள்வி கேட்க ஆகாது. உணவு, வழிபாடு, உடன் இருக்க வேண்டியவர், ஆண் ஊழியர் தொடலாமா என்பவற்றை அட்மிஷனின்போதே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத மாணவிகளைப் பழக்குங்கள். சர்க்கரை நோயாளி நோன்பு வைக்க விரும்புகிறார் என்று முன்பே தெரிந்தால்தான், அது அவருக்குப் பாதுகாப்பானதா, விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கும் மாலையில் நோன்பு திறப்பதற்கும் ஏற்ப இன்சுலினை மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்க இயலும்.