ஒரே பருமன் எலிகள், ஒன்றுக்கு மட்டும் சுக்கிலப் புடகம் ஏன் சிறிது?

சுக்கிலப் புடகம், அதாவது விந்தோடு சேரும் நீரைச் சுரக்கும் சுரப்பி, சிறிதாக இருப்பது நோயில்லை, அந்த எலிக்கு இன்னும் பருவம் வரவில்லை என்றுதான் படுகிறது. கிளிநொச்சி வயலில் பிடித்த இரண்டு ஆண் எலிகளும் ஒரே பருமன், ஒன்றின் புடகம் மட்டும் நூல் மாதிரி என்று கேட்டிருந்தீர்கள். பருமனை நம்பாதீர்கள். அந்தச் சுரப்பியை வளர்ப்பது விதையிலிருந்து (விரையிலிருந்து) வரும் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன், அது குறைந்தால் வளர்ந்த எலியிலும் புடகமும் அதன் பக்கத்துச் சுரப்பியான புரஸ்டேட்டும் சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

விதையின் கீழ் நுனியில் ஒட்டியிருக்கும், விந்து சேரும் சுருள்குழாயை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெறுங்கண்ணுக்கே மடிப்பு மடிப்பாய்த் தெரிந்தால் பெரும்பாலும் முதிர்ந்த எலி. மழமழவென்று இருந்தால் ஒன்றில் இளசு, அல்லது முதிர்ந்த பிறகு குழாய் சுருங்கிய எலி.

விதை வயிற்றுக்குள் இருப்பதை மட்டும் வைத்து இளசு என்று எழுதிவிடாதீர்கள், எலியால் அதை உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். அப்புறம், கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும்.