எரர் ஏன் ஆற அமர வருகிறது?

கேள்வி: மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் பில் போடுகிறேன். சில நாள் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் சும்மா கிடக்கும். கம்ப்யூட்டரும் வாய் திறக்காது. நான் திரும்பத் திரும்பக் கொடுப்பேன். வேறு வேலையில் இறங்கிய பிறகு எரர் வந்து நிற்கும். பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒரே பில் நாலைந்து கொட்டும். ‘ஒரு எடைக்கு எத்தனை பில்லும்மா?’ என்று வியாபாரி முறைக்கிறார். கரண்ட் போய்வந்தால் இந்தத் தொல்லை அதிகம். மோடத்திலிருந்து கேபிள் போட்டிருக்கிறோம். புது பிரிண்டர் வாங்கச் சொல்லட்டுமா?

— வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம் தங்கச்சி, முதலாளி பணம் மிஞ்சட்டும். கரண்ட் போய்வந்தால் அதிகம் என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் பில் சாஃப்ட்வேர் அதை விண்டோஸின் ஸ்பூலரிடம் (பிரிண்டுகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் பகுதி) தள்ளிவிட்டுக் கையைக் கழுவிவிடும். அதற்குப் பிறகு பிரிண்டரைத் தேடுவது ஸ்பூலர் பாடு. பதில் வராவிட்டால் அது உடனே விடாது, முயன்று பார்த்துவிட்டுத்தான் எரர் காட்டும். அதற்குள் நீங்கள் கொடுத்த அத்தனையும் வரிசையில் சேர்ந்துவிடும். ஆகவே பிரிண்டர் பேசாவிட்டால் மறுபடி கொடுக்காதீர்கள். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் பிரிண்டர் படத்தைத் திறந்து, ஒன்றை விட்டு மற்றதைக் கேன்சல் செய்யுங்கள்.

இனி மூல காரணம். கரண்ட் வந்ததும் பிரிண்டர் முந்திக்கொள்கிறது. மோடம் எழுந்து நிற்க இன்னும் நேரமாகும். ஐபி எண் (நெட்வொர்க்கில் கருவிக்கு மோடம் கொடுக்கும் முகவரி) கொடுக்க ஆளில்லாததால் பிரிண்டர் தானே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இப்படிச் சிக்கும்போது பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவைப் பாருங்கள். எண் 169.254 என்று தொடங்கினால் திருடன் அகப்பட்டான். உங்கள் கம்ப்யூட்டர் அப்போதும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு, மோடத்தில் விளக்குகள் நிலைத்த பிறகு பிரிண்டரை ஆன் செய்தால் போதும். நிரந்தரமாகத் தீர, பிரிண்டர் மெனுவிலேயே ஐபியை மேனுவல் ஆக்கி, மோடம் மற்றவர்களுக்குப் பங்கிடாத ஓர் எண்ணைக் கொடுத்து, கம்ப்யூட்டரின் போர்ட்டிலும் (பிரிண்டரின் முகவரியைக் குறித்து வைக்கும் செட்டிங்) அதையே போடச் சொல்லுங்கள். தெரிந்த பையன் கையில் கொடுத்தால், கரைக்கு நண்டு வந்து சேருமுன் முடித்துவிடுவான்.

போர்ட் செட்டிங்கில் ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ (பிரிண்டரின் நிலையைக் கம்ப்யூட்டர் விசாரிக்கும் வசதி) டிக்கை எடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நன்றாக அச்சடிக்கும் பிரிண்டரை ஆஃப்லைன் என்று காட்டுகிறவர்களுக்கு அது மருந்து. உங்களுக்கு அது எரரை மறைக்குமே தவிர பில்லை அச்சடிக்காது. பேப்பர் தீர்ந்த சேதிகூட வராமல் போகலாம்.

ஐபி சரியாக இருந்தும் இதே கதை என்றால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நம் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்கும், ஜாக்கின் பின்களையும் அது சும்மா விடாது. கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் புது ஜாக் அடித்துக்கொள்ளுங்கள்.