உயிலில் விநோத நிபந்தனை வைத்துச் சிரிக்க வைக்கும் பழைய பிரிட்டிஷ் படம் எதைப் பார்க்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், ‘லாஃப்டர் இன் பாரடைஸ்’ பாருங்கள். 1951இல் மரியோ ஜாம்பி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

குறும்பு செய்தே காலத்தைக் கழித்த ஹென்றி ரஸ்ஸல் என்ற பணக்காரக் கிழவர் செத்துப்போகிறார். உயிலில் நான்கு உறவினர்களுக்குத் தலைக்கு 50,000 பவுண்டு. ஆனால் சும்மா இல்லை. வேலைக்காரர்களை அதட்டியே பழகிய ஆக்னஸ் ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து தாக்குப்பிடிக்க வேண்டும். பெண்கள் பின்னால் சுற்றும் சைமன், தான் முதலில் பேசும் கல்யாணமாகாத பெண்ணையே கட்டிக்கொள்ள வேண்டும். பயந்தாங்கொள்ளி வங்கி குமாஸ்தா ஹெர்பர்ட், பொம்மைத் துப்பாக்கியை நீட்டி மேனேஜரை மிரட்ட வேண்டும். டெனிஸ்டன் 28 நாள் ஜெயிலில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனையும் அவரவர் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. படத்தின் உயிரே அதுதான்.

எனக்கு டெனிஸ்டன்தான் எல்லாம். அலஸ்டர் சிம் நடித்திருக்கிறார். ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், கௌரவமான மனிதர். ஆனால் மலிவு விலைக் குற்றக் கதைகளை ரகசியமாக எழுதித் தள்ளுகிறவர். இவர் சொல்லச் சொல்ல செயலாளர் குறித்துக்கொள்வார். காகிதத்தில் அத்தனை குற்றங்களையும் அநாயாசமாகச் செய்கிறவருக்கு, ஒரு கடையில் எதையாவது திருடி மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை! செங்கல்லை வைத்துக்கொண்டு கடைக் கண்ணாடி முன் தவிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். கண் அகலமாகிறது, கன்னம் தொங்குகிறது, தப்பு செய்யப்போகும் நல்ல மனிதனின் வெட்கம் அப்படியே தெரிகிறது. போதாததற்கு, கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அப்பா மாஜிஸ்திரேட்.

ஹெர்பர்ட்டாக வரும் ஜார்ஜ் கோலை, பையனாக இருந்தபோதே சிம்மும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். சைமன் கதை மட்டும் கொஞ்சம் சாதாரணம். ஆக்னஸ் கதையில் சிரிப்போடு கண்ணும் கலங்கும்.

நைட் கிளப்பில் சிகரெட் விற்கும் பெண்ணைத் தவறவிடாதீர்கள். அது ஆட்ரி ஹெப்பர்ன், அப்போது யாருக்கும் தெரியாத முகம். 1970இல் இதே கதையை ‘சம் வில், சம் வோன்ட்’ என்று மறுபடி எடுத்தார்கள். முதலில் பழையதைப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இப்போதும் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்பார்: "அந்த ஜெயிலுக்குப் போகத் தவிக்கிற மனுஷன் படத்தைப் போடேன்."