வெளிநாட்டு ஓடருக்கு கிரிப்டோவில் காசு வாங்கலாமா?

கேள்வி: நிலாவெளியில் பனையோலைப் பெட்டி, சிரட்டைக் கரண்டி எல்லாம் கையால் செய்து விற்கும் சிறிய கடை என்னுடையது. சீசனுக்கு வரும் வெளிநாட்டவர்கள் சிலர் கிரிப்டோ எடுப்பீர்களா என்று கேட்கிறார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபின் 60 பெட்டிக்கு ஓடர் தந்திருக்கிறார், காசை யூஎஸ்டிடி என்ற, டொலரோடு சேர்த்து மதிப்பு வைக்கப்படும் கிரிப்டோ கொயினாக அனுப்புகிறாராம். தன் போனில் வாங்கி ரூபாயாக மாற்றித் தருகிறேன் என்கிறான் தம்பி. இது சட்டப்படி சரியா?

பதில்: சகோதரி, வேண்டாம். கடையில் நேரில் வருபவரிடமும் வேண்டாம், அந்த ஜெர்மன் ஓடருக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

பெட்டியைக் கொடுத்துக் கொயின் வாங்குவதுதான் குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டப் பிரிவு ஒன்றை என்னால் எடுத்துக் காட்ட முடியாது. அதனால் பொலிஸ் நாளைக்கே கடை வாசலுக்கு வரும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் தடை இல்லை என்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய வங்கி 2018 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. கிரிப்டோ பரிமாற்றம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்றும், இங்குள்ள டெபிட், கிரெடிட் கார்டுகளால் கொயின் வாங்கக் கூடாது என்றும் அது அறிவித்திருக்கிறது. யூஎஸ்டிடி ஒன்று எப்போதும் ஒரு டொலர்தானே என்று தம்பி சொல்லக்கூடும். 2022 மே மாதத்தில் டெராயூஎஸ்டி என்ற கொயினும் அப்படித்தான் ஒரு டொலர் என்று விற்கப்பட்டு, சில நாட்களிலேயே சரிந்து போனது. இரண்டும் வேறு வேறு அமைப்பில் இயங்குபவைதான். ஆனாலும் நாளைக்கு ஏதாவது நடந்தால் முறையிட்டுக் காசைத் திருப்பி எடுக்க இங்கே உங்களுக்கு ஒரு இடம் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டுக்குரியது. விற்பனை என்றால் பணத்துக்குப் பொருளைக் கொடுப்பது என்றுதான் அது சொல்கிறது. கொயினுக்குக் கொடுத்தால் அது விற்பனையா, நெல்லுக்குப் பானை மாற்றியது போலப் பண்டமாற்றா என்ற வாதம் வரும். வாங்கியவர் பாதிக் கொயினை அனுப்பிவிட்டு இழுத்தடித்தால், விலையைக் கேட்டு நீங்கள் போடும் வழக்கு அந்த வாதத்திலேயே நின்றுவிடலாம்.

ஓடர் விஷயத்துக்கு வருவோம். 60 பெட்டியும் கப்பலிலோ விமானத்திலோ போனால் அது ஏற்றுமதி. ஏற்றுமதிக்குரிய பணம் குறித்த காலத்துக்குள் வங்கி வழியாக இலங்கைக்குள் வர வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. கொயினில் வாங்கினால், சரக்கு போனதற்குச் சுங்கத்தில் பத்திரம் இருக்கும், பணம் வந்ததற்கு வங்கியில் எதுவும் இருக்காது. தம்பியின் போன் திரையை வங்கி அதிகாரி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

எனக்கு உண்மையில் பயம் தருவது அந்தக் கொயினை ரூபாயாக மாற்றும் இடம்தான். தம்பி அதை அப்பில் விற்பான், முன்பின் தெரியாத யாரோ உங்கள் கணக்கில் ரூபாய் போடுவார். வங்கிக் கூற்றில் பார்த்தால் குருநாகலில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் 85,000 ரூபாய் வந்திருக்கும். அந்தப் பெண் கொயின் வாங்கியவர் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் வட்ஸ்அப்பில் வேலை தருகிறோம் என்று யாரோ ஏமாற்றி, உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுத்துக் காசு போட வைத்தவராக அவர் இருக்கலாம். அப்பில் தம்பியிடம் கொயின் வாங்கிய மோசடிக்காரன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அவர் பொலிஸில் கொடுக்கும் முறைப்பாட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். கணக்கு முடக்கப்படும். ஓலைக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் அதே கணக்கிலிருந்து எடுக்கிறவர் நீங்கள், சீசன் நடுவில் அது முடங்கினால் கடை என்ன ஆகும்? நீங்கள் குற்றம் செய்யவில்லை என்று காட்டலாம்தான், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். தம்பியின் கணக்குக்கு வந்தால் அதே சிக்கல் அவன் தலையில் விழும், அதோடு கடை உங்கள் பெயரில், வருமானம் அவன் பெயரில் என்று வரிக் கணக்கும் குழம்பும்.

பேபாலில் இங்கே காசு பெற முடியாமல் நெடுங்காலம் கஷ்டப்பட்டவர்கள் கொயின் பக்கம் போவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. போனால் ஸ்கேன் செய்து உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு கட்டும் லங்கா கியூஆர் குறியீட்டைக் கடையில் வையுங்கள். 2024 பெப்ரவரி முதல் இந்தியாவிலிருந்து வருபவர்கள் தங்கள் நாட்டுப் போன் கட்டண முறையான யூபிஐ அப்பிலேயே அதில் கட்டலாம், கோணேசர் கோயிலுக்கு வந்துவிட்டு நிலாவெளிக்கு வரும் கூட்டத்துக்கு இது நன்றாகவே உதவும். மற்றவர்களுக்குக் கார்ட் மெஷின். ஓடருக்கு, வங்கியில் வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து யூரோவாகவே அனுப்பச் சொல்லுங்கள். வியாபாரப் பெயர் இன்னும் பதியவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் முதலில் அதைப் பதிந்துவிடுங்கள், கணக்குத் திறக்கும்போது வங்கி கேட்கும்.

ஜெர்மன்காரருக்கு இன்றைக்கே எழுதுங்கள். விலை இவ்வளவு யூரோ, பாதி முற்பணம் வங்கிக்கு, மீதி சரக்கு ஏற்றுமுன், அனுப்பும் வங்கிக் கட்டணம் உங்களுடையது. உண்மையில் வேண்டியவர் இதற்குச் சம்மதிப்பார்.

ஏற்கெனவே கொயின் ஏதும் வாங்கியிருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். யார் அனுப்பியது, எந்தத் திகதி, அன்றைய ரூபாய் மதிப்பு, எந்தப் பொருளுக்கு என்று எழுதி, ஸ்கிரீன்ஷொட்களையும் அவர் அனுப்பிய செய்திகளையும் எடுத்து வையுங்கள். கொயினாக வந்தாலும் அது வியாபார வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தத் தாள்களோடு வந்தால் அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.